முடிவு தெரிந்த கதையின் இன்பம்: ‘மிஸ்ஸியம்மா’ வரலாறு

ஒரு கதையின் முடிவை முன்னரே அறிந்துவிட்டால் அதன் சுவை குன்றிவிடும் என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. அக்கருத்து முற்றும் சரியன்று என்பதற்கு நம் தோட்டத்து மூதாட்டியரே போதிய சான்று. 1976-ஆம் ஆண்டளவில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவின் இரண்டாம் இரவு திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். படக்காரரிடம் இருந்தது ஒரே கருவி. ஒவ்வொரு சுருளும் முடிந்தவுடன் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டி, மறுபடியும் விளக்கை அணைப்பார். அப்படிப்பட்ட ஓர் இடைவேளையில், எனக்குப் பின்னால் சாக்கு விரித்து அமர்ந்திருந்த பாட்டி ஒருவர், “இந்தப் பொண்ணுதான்யா காணாமப் போன மக. கால்ல மச்சம் இருக்கும், பாரு” என்று சுற்றியிருந்தவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எழுந்து போனவர் ஒருவருமில்லை. கடைசியில் அந்த மச்சம் வெளிப்பட்டபோது யாவரினும் உரக்கக் கைதட்டியவரும் அந்தப் பாட்டியே.

அந்தப் படம் ‘மிஸ்ஸியம்மா’. 1955-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், பொங்கலன்று, தமிழ்நாட்டில் வெளிவந்தது. திரைப்படத்தைப் பற்றி எழுத ஆசிரியனுக்கு என்ன உரிமை என்று கேட்போர் இருக்கலாம். உரிமை உண்டு. ஏனெனில் அது ஆசிரியர்களின் கதை. தமிழ்த் திரையில் பள்ளி வாத்தியார் அடிவாங்கும் கோமாளியாகவோ, கண்ணீர் வடிக்கும் ஏழையாகவோ வந்த படங்கள் பல. இரண்டு ஆசிரியர்கள் வேலை தேடி, வேலைக்காகப் பொய் சொல்லி, அப்பொய்யால் பட்ட பாட்டை மூன்று மணி நேரம் நகைச்சுவையாகச் சொன்ன படம் வேறு எனக்கு நினைவில்லை.

கதையை இளைய வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். சிற்றூர்ச் செல்வர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் தொலைந்துபோன தம் மூத்த மகள் மகாலட்சுமியின் பெயரால் ஒரு பள்ளி நடத்துகிறார். இருக்கும் ஆசிரியர்கள் சரியில்லை என்று கருதி, பட்டம் பெற்ற கணவனும் மனைவியும் சேர்ந்து ஆசிரியப் பணிக்கு வேண்டும் என விளம்பரம் செய்கிறார். வேலையற்ற இளைஞன் ஒருவனும், கடன்காரனின் தொல்லையிலிருந்து தப்ப வழி தேடும் மேரி என்னும் கிறித்துவப் பெண்ணும், கணவன் மனைவி என்று பொய் சொல்லி அவ்வேலையில் சேர்கிறார்கள். வெளியில் தம்பதியர், கதவை மூடினால் ஓயாத சண்டை. செல்வரின் இளைய மகள் சீதாவுக்கு அவன் இசை கற்பிக்கத் தொடங்கியதும் மேரிக்குச் சினம் வருகிறது. அது பொறாமை என்று ஊருக்கே தெரிகிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. துப்பறியும் பித்துப் பிடித்த உறவினன் ஒருவன் இடையே புகுந்து குழப்புகிறான். இறுதியில் அந்த மேரிதான் மகாலட்சுமி. இம்முடிவைப் படம் தொடங்கிய அரைமணி நேரத்திலேயே எவரும் சொல்லிவிடலாம்.

இக்கதை தமிழில் பிறந்ததன்று, தெலுங்கிலும் பிறந்ததன்று. இரவீந்திரநாத் மைத்ரா என்னும் வங்க எழுத்தாளர் ‘மான்மயி பெண்கள் பள்ளி’ என்ற நாடகத்தை எழுதினார். (கவி தாகூரோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது, முற்பெயர் மட்டுமே ஒன்று.) அந்நாடகம் 1935-இல் வங்காளத்தில் படமாயிற்று, கானன் தேவி அதில் நடித்தார். காலத்தை நோக்குக. உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியிருந்த ஆண்டுகள் அவை. பட்டம் பெற்ற இளைஞர்கள் வேலையின்றித் திரிந்த கல்கத்தாவில், ஒரு பணிக்காகப் பொய்த் திருமணம் என்பது வெறும் கற்பனை வேடிக்கையாகப் பட்டிராது. சிரிப்பின் அடியில் வயிற்றுக் கவலை இருந்தது. இருபது ஆண்டு கழித்துச் சென்னையில் மீண்டும் எடுத்தபோதும் அக்கவலை பழையதாகிவிடவில்லை. வேலைக்காகச் சிறு பொய்யேனும் சொல்லாத ஆசிரியர் நம்மில் எத்தனை பேர்? பயிற்சிக் கல்லூரி நேர்காணலில், “காற்பந்து பயிற்றுவிக்கத் தெரியுமா?” என்று கேட்டபோது தெரியும் என்று துணிந்து சொன்னவன் நான். அதன் பலனை அடுத்த பத்து ஆண்டுகள் வெயிலில் நின்று அனுபவித்தேன்.

வங்கக் கதையைத் தெற்கே கொண்டுவந்தவர் சக்கரபாணி. இவர் வரலாறு சுவையானது. காசநோய்க்காக மதனப்பள்ளி மருத்துவ மனையில் தங்கியிருந்த நாள்களில் வங்கமொழி பயின்றார்; சரத் சந்திரரின் புதினங்களைத் தெலுங்கில் பெயர்த்தார். பிறகு நாகி ரெட்டியுடன் கூடி 1947-இல் ‘சந்தமாமா’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அதன் தமிழ் வடிவமே நாம் இளமையில் பறித்துப் பறித்துப் படித்த ‘அம்புலிமாமா’. அவ்விருவரின் விஜயா நிறுவனமே ‘மிஸ்ஸியம்மா’வையும் எடுத்தது. அம்புலிமாமாக் கதைகளிலும் முடிவு தெரிந்தே இருக்கும். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும் என்பது எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? ஆயினும் அடுத்த இதழுக்குக் காத்திருந்தோம். முடிவு தெரிந்த கதையையும் விரும்ப வைக்கும் வித்தையைச் சக்கரபாணி நன்கு அறிந்திருந்தார்.

துப்பறியும் இளைஞனின் பகுதி, சரதிந்து பந்தோபாத்தியாயர் எழுதிய ‘டிடெக்டிவ்’ என்னும் மற்றொரு வங்கக் கதையிலிருந்து வந்தது. இரண்டையும் பிணைத்ததில்தான் திரைக்கதையின் திறமை இருக்கிறது. காதலர் இருவரும் உண்மையை மறைக்க முயலுகையில், உண்மையைத் தோண்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் வீட்டிற்குள்ளேயே அலைகிறான். அவன் தோண்டுவதெல்லாம் தவறான இடம் என்பது நமக்குத் தெரியும்.

இயக்கியவர் எல். வி. பிரசாத். 1931-இல் வெளிவந்த இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’விலும், அதே ஆண்டு வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’இலும் சிறு வேடம் ஏற்றவர் அவர். ‘மிஸ்ஸியம்மா’வுக்கு முந்திய ஆண்டுதான் ‘மனோகரா’வை இயக்கியிருந்தார். இடியென முழங்கும் வசனம் நிறைந்த அப்படத்தையும், வீட்டுத் திண்ணையில் பேசுவது போன்ற இப்படத்தையும் ஒருவரே இயக்கினார் என்றால் வியப்பாகவே இருக்கிறது. தமிழ் உரையாடலும் பாட்டும் தஞ்சை இராமையாதாஸ். இசை இராஜேசுவர ராவ். ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. அவர் காட்டிய நிலவொளியை இன்றும் பெரியவர்கள் வியந்து பேசுவர். அந்த நிலவு அரங்கிற்குள் விளக்குகளால் செய்தது என்பதை நான் வெகுநாள் நம்பவில்லை.

ஒரே காலத்தில் இருமொழிகளில் எடுக்கப்பட்ட படம் இது. தெலுங்குப் படமான ‘மிஸ்ஸம்மா’ இரண்டு நாள் முன்னதாக, சனவரி 12-இல் வெளிவந்தது. அங்கே கதைத்தலைவர் என். டி. இராமராவ், இங்கே ஜெமினி கணேசன். துப்பறிபவர் அங்கே நாகேசுவர ராவ், இங்கே தங்கவேலு. ‘தேவதாஸ்’ படத்தில் குடித்தே மாண்ட துயர நாயகர், தம் உருவத்தை மாற்றிக்கொள்ள விரும்பி நகைச்சுவை வேடத்தை ஏற்றது அங்கே பெருஞ்செய்தி. நமக்கோ தங்கவேலு வந்தாலே சிரிப்பு. அதற்குக் காரணம் வேறு வேண்டியதில்லை. கடன்காரராக நம்பியார் வருகிறார். சாவித்திரி, ஜமுனா, ரங்கா ராவ் ஆகியோர் இரண்டிலும் உண்டு.

மேரி வேடத்திற்கு முதலில் அமர்த்தப்பட்டவர் பானுமதி. படப்பிடிப்பும் தொடங்கியது. பின் தயாரிப்பாளருக்கும் அவருக்கும் மனவேற்றுமை உண்டாகி அவர் விலக, இளைய மகளாக நடிக்க இருந்த சாவித்திரி மேரியானார். சாவித்திரியின் இடத்திற்கு ஜமுனா வந்தார். பானுமதி நடித்திருந்தால் படம் சிறந்திருக்குமா என்று முன்பெல்லாம் பட்டிமன்றம் போல வாதாடுவார்கள். என் எண்ணம் இதுதான்: பானுமதியின் சினத்தில் எப்போதும் ஒரு வெற்றி இருக்கும். சாவித்திரியின் சிடுசிடுப்பிலோ, அழுதுவிடுவாளோ என்ற ஐயம் கூடவே வரும். மேரிக்கு வேண்டியது அந்த ஐயமே.

இங்கு ஒரு வேடிக்கையையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சாவித்திரியும் ஜெமினி கணேசனும் 1952-இலேயே மணம் புரிந்திருந்தனர். ஆனால் அது அப்போது ஊரறியாத செய்தி. திரையிலே மணமாகாத இருவர் மணமானவர்போல் நடித்தனர். திரைக்கு வெளியே மணமான அதே இருவர் மணமாகாதவர்போல் நடித்தனர். அம்மணத்தின் பின்கதை இன்பமானதன்று. 1981-இல் சாவித்திரி மறைந்த நிலையை நினைத்தால் நெஞ்சு கனக்கும். ஜெமினி கணேசன் திரைக்கு வருமுன் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர் என்பதும் நம்மவர் அறிய வேண்டியது. கரும்பலகையின் முன் அவர் நிற்கும் தோரணையில் கற்றுக்கொண்ட நடிப்பு இல்லை, பழக்கம் இருக்கிறது.

படம் வெற்றி பெறவே ஏவி.எம். நிறுவனம் அதை 1957-இல் இந்தியில் ‘மிஸ் மேரி’ என்று எடுத்தது. இயக்கியவர் பிரசாத்தே. மீனா குமாரி மேரியாகவும் கிஷோர் குமார் துப்பறிபவராகவும் நடிக்க, ஜெமினி கணேசன் தம் வேடத்தையே மீண்டும் ஏற்றார். இந்திக்கு இசையமைத்தவர் ஹேமந்த் குமார். எனினும் பிருந்தாவனப் பாட்டின் மெட்டை மாற்ற அவருக்கும் மனம் வரவில்லை போலும், அதே மெட்டு அங்கும் ஒலிக்கிறது. அடுத்த ஆண்டே, 1958-இல், வங்காளத்தார் உத்தம் குமாரை வைத்துத் தம் பழைய நாடகத்தை மறுபடியும் படமாக்கினர். இருபத்து மூன்று ஆண்டுகளில் ஐந்து படங்கள்! முடிவு தெரிந்துவிட்டது என்று சொல்லி எம்மொழியாரும் இக்கதையைக் கைவிடவில்லை.

ஏன்? இதற்கு விடை காண நெடுந்தொலைவு பின்னே செல்ல வேண்டும். உரோம நாட்டு நாடகாசிரியர் பிளாட்டஸ், இன்றைக்கு ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் ‘ரூடென்ஸ்’ என்றொரு நகைச்சுவை நாடகம் எழுதினார். கொள்ளையர் கவர்ந்து சென்ற மகளை, ஒரு சிறு பேழையில் இருந்த அவளது குழந்தைப் பருவ விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு தந்தை அடையாளம் காண்கிறான். அந்நாடகம் தொடங்கியதும் ஒரு விண்மீன் தெய்வம் வந்து, இவன் மகள் இவ்வூருக்கே வந்துவிட்டாள் என்று அவையோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. என் தோட்டத்துப் பாட்டி செய்த அதே வேலை! பாட்டியைச் சிலர் அன்று கடிந்துகொண்டார்கள். பிளாட்டஸோ அதற்கென்றே ஒரு தெய்வத்தை நியமித்தார். காளிதாசரின் சகுந்தலை நாடகத்திலும் மோதிரம் இருக்குமிடம் அரசனுக்கு முன்பே நமக்குத் தெரியும்.

அயல்நாட்டுச் சான்று எதற்கு? நம் ‘வள்ளி திருமணம்’ இல்லையா? சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கிய அக்கதையில், தினைப்புனத்திற்கு வரும் வேடனும் முருகன், விருத்தனும் முருகன் என்பது கொட்டகைக்கு வெளியே கடலை விற்பவனுக்கும் தெரியும். தெரியாதவள் வள்ளி ஒருத்தியே. அவள் கிழவனை ஏசும் ஒவ்வொரு சொல்லுக்கும் மக்கள் சிரிக்கிறார்கள். ஏன்? அந்த ஏச்சு நாளை நாணமாக மாறும் என்பதை அவர்கள் அறிவார்கள். இதையே நான் வகுப்பில் மாணவர்க்குச் சொல்வதுண்டு: தெரியாத கதையில் ‘என்ன நடக்கும்?’ என்று கேட்கிறோம்; தெரிந்த கதையில் ‘அவளுக்கு எப்போது தெரியும்?’ என்று கேட்கிறோம். முன்னதற்கு ஒருமுறைதான் விடையுண்டு. பின்னதை எத்தனை முறை கேட்டாலும், அந்த முகம் மாறும் கணத்தைக் காண்பதற்காகக் காத்திருப்போம்.

‘மிஸ்ஸியம்மா’வில் அந்தக் கணம் மச்சம் தெரியும் இடத்தில் இல்லை. அது வெறும் முடிச்சவிழ்ப்பு. உண்மையான கணம் அடுத்த அறையில் சீதா பாட்டுக் கற்கும்போது, மேரி தன் வேலையைச் செய்ய முயன்று முயன்று தோற்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே வசனம் அதிகமில்லை. தன் மனம் தனக்கே பிடிபடாமல் அவள் எரிச்சலோடு திரிகிறாள். 2018-இல் வந்த ‘நடிகையர் திலகம்’ படத்தைப் பார்த்துவிட்டுச் சாவித்திரி யார் என்று என்னைக் கேட்ட இளம் ஆசிரியர்களுக்கு, அவர் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதை விட்டு இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார்கள், பிறகு பேச்சு நின்றுவிட்டது.

இவ்வளவு புகழ்ந்தபின், என் மனத்தை நெடுநாள் உறுத்தும் குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்துவுக்கும் கிறித்துவப் பெண்ணுக்கும் காதல் என்று தொடங்கிய கதை, அவள் பிறப்பால் இந்துவே என்று கூறி முடிந்துவிடுகிறது. கேள்வி எழுந்தது, விடை வருமுன் கேள்வியே மறைந்தது. இதில் வரலாறு காட்டும் ஒற்றுமை ஒன்று உண்டு. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேற்றுச் சமயத்தார் இருவர் பதிவு மணம் செய்ய வேண்டுமாயின் தாங்கள் அச்சமயங்களைச் சார்ந்தவர் அல்லர் என்று உறுதி கூற வேண்டியிருந்தது. 1923-இல் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்க்குள் மட்டும் அது தளர்ந்தது. எவரும் தத்தம் சமயத்தை விடாமலே மணக்கலாம் என்று வழிவகுத்தது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த நாள் 1955 சனவரி முதல் தேதி. அதாவது, மேரி மேரியாகவே இருந்து மணக்கலாம் என்று சட்டம் கதவைத் திறந்த இரண்டே வாரத்தில், அவள் மகாலட்சுமி என்று படம் அறிவித்தது. படம் சட்டத்திற்கு முன்னரே திட்டமிடப்பட்டது. ஆகவே இதைச் சூழ்ச்சி என்று யாரும் சொல்லார். ஆனால் சட்டம் அஞ்சாத இடத்தில் நகைச்சுவை அஞ்சியது என்பது உண்மை.

நேர்மையும் சொல்லவேண்டும். படம் மேரியின் சமயத்தை எங்கும் எள்ளி நகையாடவில்லை. அவளை வளர்த்த கிறித்துவப் பெற்றோரை அன்புடையவராகவே காட்டுகிறது. செல்வர் இல்லத்தின் வழக்கங்களுக்குள் அவள் தடுமாறும்போது, சிரிப்பு அவளுடைய சங்கடத்தின்மேல் எழுகிறதேயன்றி நம்பிக்கையின்மேல் அன்று. 1955-க்கு அது சிறிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்த ஒன்றைக் கூறி முடிக்கிறேன். என்னுடன் பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவர், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், கிறித்துவ இளைஞர் ஒருவரை மணக்க விரும்பினார். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 முதல் நடைமுறையில் உள்ளது. இருவரும் சமயம் மாறாமலே பதிந்துகொள்ளலாம். தடையாக இருந்தவர் தந்தை. பால்மரம் சீவி மகளைப் படிக்க வைத்தவர். நான் பேசினால் கேட்பார் என்று ஆசிரியை கருதினார். பேசுவதற்கு முதல்நாள், இவர்களுக்குப் பிடிக்குமே என்று எண்ணி, ஆசிரியர் அறையில் இப்படத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “மச்சம் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும், சார்?” என்றார். முப்பது ஆண்டு அனுபவத்தில் எனக்கு மாணவரிடமிருந்தோ ஆசிரியரிடமிருந்தோ வந்த கேள்விகளில், விடை சொல்ல முடியாமல் நான் மணியைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் மாலை லயத்து வாசலில் அமர்ந்து தந்தையிடம் பேசினேன். சட்டத்தைச் சொன்னேன், பையனின் குணத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடியே இருந்தார். பிறகு, “நீங்க மிஸ்ஸியம்மா பாத்திருக்கீங்களா, ஐயா?” என்று அவரே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பார்த்திருக்கேன் அண்ணே, சின்ன வயசுல திடல்ல” என்றேன்.

“நானும் திடல்லதான் பாத்தேன். மச்சம் தெரியறதுக்கு முன்னாலயே அந்தப் பெரியவரு அவள மக மாதிரிதான வச்சிருந்தாரு?” என்றார்.

அது உண்மை. ரங்கா ராவ் மேரியிடம் காட்டிய பாசம் முதற்காட்சியிலிருந்தே இருக்கிறது. மச்சத்தால் அது வளரவுமில்லை, குறையவுமில்லை. அத்தனை முறை பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. திருமணத்திற்குச் சம்மதம் என்று அவர் அன்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றுதான் சொன்னார். இரண்டு மாதம் யோசித்தார். பதிவுத் திருமணத்தன்று சாட்சிக் கையெழுத்துப் போட நான் சென்றபோது, வெளுத்த சட்டை அணிந்து அவர் எனக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தார்.